கரியமில வாயு, நைட்ரேட், மின்சாரம்: மூன்றும் சேர்ந்தால் யூரியா கிடைக்குமா?

நீங்கள் கேட்டது இதுதான்: "கரியமில வாயுவையும் நைட்ரேட்டையும் மின்சாரம் பாய்ச்சி யூரியாவாக மாற்றுகிறார்கள், திறன் 50 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று படித்தேன். அப்படியானால் இப்போதிருக்கும் யூரியா ஆலைகளை மூடிவிடலாமா?" இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த வினை உண்மையில் நடக்கிறதா என்பது ஒன்று. நடந்தால், இப்போதைய வழியைவிட அது எதில் மேல் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆம் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். இரண்டாவதற்கான பதில், நைட்ரேட்டை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் அடங்கியிருக்கிறது. செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்த விவரம்தான். நான் மின்வேதியியல் ஆய்வகங்களில் பல ஆண்டுகள் நைட்ரேட் ஒடுக்க வினைகளோடு (எலக்ட்ரான் ஏற்றும் வினைகளோடு) வேலை செய்தவன். மண்ணும் பயிரும் என் துறை அல்ல. ஆகவே மின்சாரம் பாய்ச்சி வினையை நடத்தும் மின்கலத்துக்குள் நடப்பதைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுகிறேன்.

முதலில் இன்றைய வழி. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, காற்றிலிருக்கும் நைட்ரஜனோடு 400 முதல் 500 டிகிரி வெப்பத்திலும் நூறு மடங்குக்கு மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்திலும் சேர்த்தால் அமோனியா கிடைக்கிறது. அதுதான் ஹேபர்-பாஷ் முறை. அந்த அமோனியாவை, எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது கூடவே வெளிவந்த கரியமில வாயுவோடு சேர்த்தால் அமோனியம் கார்பமேட் உண்டாகிறது. சுமார் 180 டிகிரியில், உயர் அழுத்தத்தில் அது ஒரு மூலக்கூறு நீரை இழந்து யூரியாவாகிறது. இந்தக் கடைசிப் படிக்கு ஜெர்மானிய வேதியியலாளர்கள் பாஷ், மைசர் இருவரும் 1922-இல் வழி வகுத்தார்கள். நூறாண்டுகளாகச் செதுக்கிச் செதுக்கி மெருகேற்றப்பட்ட முறை அது. அதை எதிர்த்துப் போட்டியிட வருகிற எதுவும் அந்த மெருகையும் எதிர்கொண்டாக வேண்டும்.

மின்சார வழி நேற்று முளைத்ததும் அல்ல. ஜப்பானில் ஷிபாட்டா, யோஷிடா, ஃபுருயா ஆகியோர் 1995-இலேயே செம்பு ஏற்றிய வாயுப் பரவல் மின்வாயில் (வாயுவைப் பின்புறத்திலிருந்து நேரே ஊட்டும் மின்வாய்) கரியமில வாயுவையும் நைட்ரேட், நைட்ரைட் அயனிகளையும் ஒன்றாக ஒடுக்கி யூரியா உண்டாவதைக் காட்டினார்கள். பின்பு பல உலோகங்களை வரிசையாகச் சோதித்தார்கள். நெடுநாள் அதிகம் பேசப்படாமல் கிடந்த அந்த வேலை, சீனாவின் ஹுனான் பல்கலைக்கழகக் குழு 2020-இல் பல்லேடியம்-செம்பு கலவையைக் கொண்டு நைட்ரஜன் வாயுவையே கரியமில வாயுவோடு இணைத்ததாக அறிவித்த பிறகு மறுபடி சூடுபிடித்தது. அங்கே கிடைத்த ஃபாரடே திறன், அதாவது செலுத்திய எலக்ட்ரான்களில் யூரியாவுக்குப் போன பங்கு, சுமார் 9 சதவீதம். 2021-இல் இண்டியம் ஹைட்ராக்சைடு வினையூக்கியில் நைட்ரேட்டைப் பயன்படுத்தி 53.4 சதவீதம் எட்டியதாக வேறொரு குழு வெளியிட்டது. நீங்கள் படித்த "50-ஐத் தாண்டிய" எண் அநேகமாக அதுவோ, அதன் வழியில் வந்த இன்னொன்றோ ஆக இருக்கும்.

இப்போது வினையை எண்ணிப் பார்ப்போம். இரண்டு நைட்ரேட் அயனி, ஒரு கரியமில வாயு மூலக்கூறு, 18 புரோட்டான், 16 எலக்ட்ரான். இவை சேர்ந்தால் ஒரு யூரியாவும் ஏழு நீர் மூலக்கூறுகளும். இந்த 16 எலக்ட்ரான்கள் எங்கே போகின்றன என்று கேட்டுப் பாருங்கள், வேடிக்கையான ஒன்று புலப்படும். கரியமில வாயுவில் கார்பனின் ஆக்சிஜனேற்ற எண் கூட்டல் 4. யூரியாவிலும் அது கூட்டல் 4 தான். அதாவது கரியமில வாயுவை இங்கே யாரும் நிகரமாக ஒடுக்கவே இல்லை. நைட்ரேட்டில் கூட்டல் 5-இல் நிற்கும் நைட்ரஜன், யூரியாவில் கழித்தல் 3-க்கு வந்து சேர வேண்டும். ஒரு நைட்ரஜனுக்கு எட்டு, இரண்டுக்குப் பதினாறு. செலுத்தும் மின்சாரம் முழுவதும் நைட்ரஜன் கணக்கில்தான் செலவாகிறது.

இதிலிருந்து ஒரு முடிவு தானாக வந்து விழுகிறது. அதை யாரும் அடிக்கோடிட்டுச் சொல்லாதது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. நைட்ரேட்டை அமோனியாவாக மட்டும் ஒடுக்கினாலும் ஒரு நைட்ரஜனுக்கு அதே எட்டு எலக்ட்ரான்தான். அந்த அமோனியாவைப் பிரித்தெடுத்துப் பழைய முறையில் கரியமில வாயுவோடு சேர்த்தால் யூரியா வந்துவிடும். கார்பமேட் உண்டாகும் படி வெப்பத்தை வெளிவிடுவது, நீர் நீங்கும் படி கொஞ்சம் வெப்பம் கேட்பது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் வெப்பம் வெளியேறுகிற வினை. ஆகவே மின்கலத்துக்குள்ளேயே கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை உண்டாக்குவதால் ஓர் எலக்ட்ரான்கூட மிச்சமாவதில்லை. மிச்சமாவது உயர் அழுத்தக் கலமும் அதைச் சுற்றிய பெரிய கட்டமைப்பும்தான். ஆலை கட்டும் அளவு பணமோ இடமோ இல்லாத சிறிய அமைப்புக்கு அது பெரிய விஷயம். ஆனால் ஆற்றல் மிச்சம் என்ற பெயரில் அதைச் சொல்லக்கூடாது. நைட்ரேட்டிலிருந்து அமோனியாவுக்கு 90 சதவீதத்துக்கும் மேல் ஃபாரடே திறன் ஆய்வகங்களில் கிடைத்துவருகிறது. யூரியாவுக்கு அதில் பாதியை எட்டுவதே போராட்டம். எனவே இந்த வழியின் உண்மையான போட்டியாளர் ஹேபர்-பாஷ் ஆலை அல்ல, பக்கத்து மேசையில் நைட்ரேட்டிலிருந்து அமோனியா எடுத்துக்கொண்டிருக்கும் மின்கலம்.

ஃபாரடே திறன் என்பது செலுத்திய எலக்ட்ரான்களில் எத்தனை பங்கு நாம் விரும்பிய பொருளுக்குப் போனது என்ற அளவு. மீதி எலக்ட்ரான்கள் ஹைட்ரஜனாகவும் அமோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் ஃபார்மேட்டாகவும் போய்விடுகின்றன. எவ்வளவு ஆற்றல் செலவானது, எவ்வளவு வேகத்தில் விளைந்தது என்பதை இந்த எண் சொல்லாது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு சதுர சென்டிமீட்டர் மின்வாயில் 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 50 சதவீதத் திறனோடு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் கிடைப்பது 0.7 மில்லிகிராம் யூரியா. நாளொன்றுக்கு ஒரு டன் வேண்டுமானால் ஏறக்குறைய 6000 சதுர மீட்டர் மின்வாய்ப் பரப்பு தேவை. பெரிய யூரியா ஆலை நாளுக்கு 2000 டன்னுக்கு மேல் தருவது. அதற்கு ஈடாக 12 சதுர கிலோமீட்டர் வேண்டியிருக்கும். மின்னோட்ட அடர்த்தியை இருபது மடங்கு கூட்டினால் பரப்பு இருபதில் ஒரு பங்காகும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிக் கூட்டும்போது திறன் பெரும்பாலும் சரிகிறது, ஹைட்ரஜன் முந்திக்கொள்கிறது.

ஆற்றல் கணக்கு இன்னும் கறாரானது. ஒரு டன் யூரியாவில் சுமார் 16,650 மோல் இருக்கின்றன. ஒவ்வொரு மோலுக்கும் 16 ஃபாரடே, அதாவது 16 மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம். ஒரு எலக்ட்ரான்கூட வீணாகாமல், மின்கலம் 2 வோல்டில் ஓடினால்கூட டன்னுக்கு 14,000 கிலோவாட் மணிக்கு மேல் ஆகும். 2.5 வோல்ட், 50 சதவீதத் திறன் என்று நடைமுறைக்குச் சற்று அருகே வந்தால் அது 35,000-ஐத் தாண்டுகிறது. நன்றாக இயங்கும் எரிவாயு ஆலை மூலப்பொருளையும் எரிபொருளையும் சேர்த்து டன்னுக்கு ஏறத்தாழ 25 கிகாஜூல் அளவில் செலவிடுகிறது. கிலோவாட் மணியில் சொன்னால் சுமார் 7000. வெப்பமும் மின்சாரமும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக்கூடியவை அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மின்சாரம் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வரலாம், அப்போது ஒப்பீட்டின் பொருள் மாறும். ஆனாலும் 2 வோல்டில் ஓடும் கலத்துக்கு இரண்டு மடங்கு இடைவெளி நூறு சதவீதத் திறனிலேயே இருக்கிறது என்பதை மறக்க முடியாது. நல்ல வினையூக்கி வோல்டைக் குறைக்கலாம், ஆனால் எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த 16 எலக்ட்ரான் குறையாது, ஏனென்றால் அது நைட்ரேட் என்ற தொடக்கப் பொருளில் பொதிந்திருக்கும் விலை.

அந்தத் தொடக்கப் பொருள் எங்கிருந்து வருகிறது? ஆய்வகத்தில் நாங்கள் குப்பியிலிருந்து பொட்டாசியம் நைட்ரேட்டை எடுத்துக் கரைக்கிறோம். அந்த நைட்ரேட் எப்படிச் செய்யப்பட்டது என்று பின்னோக்கிப் போனால், நைட்ரிக் அமிலம் வரும். அதற்குப் பின்னால் பிளாட்டினம்-ரோடியம் வலையில் அமோனியாவை எரிக்கும் ஆஸ்ட்வால்டு முறை. அதற்கும் பின்னால் ஹேபர்-பாஷ். ஆக, எந்த அமோனியாவைத் தவிர்க்கப் புறப்பட்டோமோ அதே அமோனியாவை முதலில் எரித்து நைட்ரேட்டாக்கி, பிறகு மின்சாரம் செலவழித்து மறுபடி ஒடுக்குகிறோம். கிணற்றிலிருந்து இறைத்த நீரைக் கிணற்றிலேயே ஊற்றி மறுபடி இறைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. வாங்கிய நைட்ரேட்டிலிருந்து யூரியா செய்வது அறிவியல் சோதனையாக மட்டுமே பொருள்படும், உற்பத்தி முறையாக ஒருபோதும் பொருள்படாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் நைட்ரேட் கழிவாகக் கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கேதான் இந்த வேலை உயிர்பெறும் என்று நம்புகிறேன். உலோகங்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவும் தொழில்களின் கழிவு, அயனிப் பரிமாற்ற முறையில் குடிநீரைச் சுத்திகரிக்கும்போது மிஞ்சும் செறிந்த உப்புநீர் போன்றவற்றில் நைட்ரேட் அடர்த்தியாகவே இருக்கும். அதை எப்படியும் அகற்றியாக வேண்டும். இன்று பெரும்பாலும் பாக்டீரியாக்களைக் கொண்டு அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விடுகிறோம். பெரும் ஆற்றல் கொடுத்துக் காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனை மறுபடி காற்றுக்கே திருப்பி அனுப்புவது அது. கழிவை அகற்றுகிற செலவை எப்படியும் செய்யப்போகிறோம் என்றால், கையில் ஓர் உரமும் மிஞ்சுவது நல்லதுதானே. அங்கே டன்னுக்கு எத்தனை கிலோவாட் மணி என்ற ஒப்பீடு முக்கியமல்ல. சுத்திகரிப்புக்கு என்ன செலவு, அதில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதே கேள்வி.

நிலத்தடி நீரில் கலந்திருக்கும் நைட்ரேட்டையே யூரியாவாக்கலாமே என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட். அதைப்போல் இரண்டு மடங்கு, 100 மில்லிகிராம் உள்ள மாசுபட்ட நீரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நீர் 1000 லிட்டரில் உள்ள நைட்ரேட் முழுவதும் யூரியாவானாலும் கிடைப்பது 50 கிராமுக்குள்தான். ஆய்வகக் கரைசல்களில் நாங்கள் பயன்படுத்தும் செறிவு பெரும்பாலும் இதைவிட அறுபது மடங்கு அதிகம். தவிர, நிலத்தடி நீரில் கால்சியமும் மெக்னீசியமும் உண்டு. எதிர்மின்வாயின் அருகே கரைசல் காரமாகும், கரியமில வாயுவும் அங்கேயே இருக்கும். சுண்ணாம்பு படிய இதைவிட வசதியான இடம் வேண்டுமா? செறிவூட்டாமல் அந்த நீரை நேரே மின்கலத்துக்குள் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனி, அளவீட்டைப் பற்றி. இது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். மின்கலத்திலிருந்து வெளிவரும் கரைசலில் யூரியா இருப்பதைக் கண்டுபிடிப்பது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். முன்பு சொன்ன 0.7 மில்லிகிராம் 30 மில்லிலிட்டர் கரைசலில் பரவிக் கிடந்தால் லிட்டருக்கு 23 மில்லிகிராம்தான். அதைச் சுற்றி அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பைகார்பனேட் எல்லாம் பல மடங்கு அதிகமாக நிற்கின்றன. பரவலாகப் பயன்படும் ஒரு முறை டைஅசிட்டைல் மோனாக்சைம் சேர்த்து இளஞ்சிவப்பு நிறத்தை அளப்பது. நைட்ரைட் அதிகமிருந்தால் அந்த நிறம் நம்பத்தக்கதாக இராது. இன்னொன்று யூரியேஸ் நொதி முறை. ஜேம்ஸ் சம்னர் 1926-இல் ஒரு வகை அவரை விதையிலிருந்து பிரித்துப் படிகமாக்கிய நொதி அது. படிகமாக்கப்பட்ட முதல் நொதியும் அதுவே. அது யூரியாவை மட்டும் குறிவைத்து இரண்டு அமோனியாவாகவும் ஒரு கரியமில வாயுவாகவும் உடைக்கும். நொதி சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் அமோனியாவை அளந்து கழித்து இரண்டால் வகுத்தால் யூரியா. கேட்க அழகாக இருக்கும். ஆனால் முன்பே நிறைய அமோனியா இருந்தால் இரண்டு பெரிய எண்களின் சிறிய வேறுபாட்டை நம்பி நிற்கிறோம்.

இந்த வலையில் நானும் ஒருமுறை விழுந்தேன். ஒரு புதிய செம்பு வினையூக்கியில் மூன்று வாரம் தொடர்ந்து யூரியா தென்பட்டது. ஒவ்வொரு நாளும் எண் கொஞ்சம் உயர்ந்தது, குழுவில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிறகு கரியமில வாயுவுக்குப் பதில் ஆர்கான் வாயுவை ஊதி அதே சோதனையைச் செய்தோம். கார்பனே இல்லாத அந்தக் கரைசலிலும் ஏறக்குறைய அதே அளவு "யூரியா" வந்து நின்றது. நாங்கள் அளந்துகொண்டிருந்தது அமோனியா அளவீட்டின் பிழையை. அந்த ஆர்கான் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். அன்றிலிருந்து ஆர்கான் சோதனை, நைட்ரேட் இல்லாத சோதனை, மின்சாரம் பாய்ச்சாத சோதனை மூன்றும் இல்லாத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை. அதற்கும் மேலே, 15 நிறை கொண்ட நைட்ரஜன் ஐசோடோப்பால் செய்த நைட்ரேட்டைப் பயன்படுத்தி அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (NMR) நிறமாலையில் பார்த்தால், யூரியாவின் ஒற்றைக் குறி இரண்டாகப் பிளந்து நிற்கும். அப்படிப் பிளந்து நின்றால் அந்த நைட்ரஜன் நாம் கொடுத்த நைட்ரேட்டிலிருந்தே வந்தது என்பது உறுதி. கவனமான குழுக்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. வினை நடக்கிறது என்று முதலில் தயங்காமல் சொன்னேனே, அதற்கு அடிப்படை இதுதான். அறை வெப்பத்தில் அமோனியாவையும் கரியமில வாயுவையும் நீரில் வெறுமனே கலந்தால் கார்பனேட்டும் கார்பமேட்டும்தான் வரும், யூரியா வராது. ஆகவே இது மின்வாயின் பரப்பிலேயே நடக்கும் பிணைப்பு.

அந்தப் பிணைப்பு எந்தப் படியில் விழுகிறது என்பதில்தான் தெளிவில்லை. ஒரு சாரார், நைட்ரேட் ஓர் ஆக்சிஜனை இழந்து நைட்ரைட் நிலையில் இருக்கும்போதே கரியமில வாயுவோடு சேர்ந்துவிடுகிறது என்கிறார்கள். இன்னொரு சாரார், கரியமில வாயு கார்பன் மோனாக்சைடாகவும் நைட்ரேட் அமினோ நிலைவரையிலும் இறங்கிய பிறகே இரண்டும் சேர்கின்றன என்கிறார்கள். இரண்டாவது வழியில் கார்பன் ஒரு படி இறங்கி மறுபடி ஏறுகிறது, அதில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ஆனால் இயற்கை நம் நெருடலைப் பார்த்து நடப்பதில்லை. வினை நடக்கும்போதே எடுக்கும் அகச்சிவப்பு நிறமாலையும் கணினிக் கணக்கீடுகளும் ஒவ்வொரு வினையூக்கிக்கும் ஒவ்வொரு கதை சொல்கின்றன. வெவ்வேறு பரப்புகளில் வெவ்வேறு வழிகள் இருக்கலாம் என்பது என் ஊகம். கட்டுரைகளில் வரும் அழகான அம்புக்குறிப் படங்களை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொறியியல் சிக்கல்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். கரியமில வாயு நீரில் மிகக் குறைவாகவே கரையும். சாதாரண அழுத்தத்தில், 25 டிகிரியில் லிட்டருக்கு ஒன்றரை கிராம்கூட இல்லை. அதனால் வேகம் வேண்டுமென்றால் வாயுவை மின்வாயின் பின்புறத்திலிருந்து நேரே ஊட்டும் வாயுப் பரவல் மின்வாய்தான் வழி. ஜப்பானியக் குழு 1995-இலேயே அதைத் தேர்ந்தெடுத்தது தொலைநோக்கு. ஆனால் ஒரு யூரியா உண்டாகும்போது எதிர்மின்வாயில் 18 ஹைட்ராக்சைடு அயனிகள் பிறக்கின்றன. அவை வரும் கரியமில வாயுவைப் பிடித்துக் கார்பனேட்டாக்கிவிடும், உப்பு படிந்து துளைகள் அடைபடும். இரண்டாவது சிக்கல் பிரித்தெடுப்பு. யூரியா மின்னூட்டமற்ற, நீரில் மிக எளிதில் கரையும் சிறிய மூலக்கூறு. உப்புகள் நிறைந்த கரைசலிலிருந்து அதை வெளியே எடுக்க, நீரை ஆவியாக்கும் செலவே யூரியாவின் மதிப்பை விழுங்கிவிடும். தூய யூரியா என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, பொட்டாசியம், நைட்ரேட், அமோனியம், யூரியா கலந்த திரவ உரமாகவே அதைக் கொள்வதுதான் அறிவுடைமை என்பது என் கருத்து. யூரியாவும் அம்மோனியம் நைட்ரேட்டும் கலந்த திரவ உரம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதுதான். ஆனால் மீந்திருக்கும் நைட்ரைட்டை முதலில் அகற்ற வேண்டும், அது பயிருக்கு நஞ்சு.

இது கரியமில வாயுவைச் சேமிக்கும் வழி என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். ஒரு டன் யூரியாவில் 0.73 டன் கரியமில வாயு அடங்குவது உண்மை. ஆனால் மண்ணில் விழுந்ததும் அங்குள்ள யூரியேஸ் அதை உடைத்து அந்த வாயுவை விடுவித்துவிடும். எரிவாயு ஆலையின் யூரியாவுக்கும் இதே கதிதான். எரிவாயுவை எரிக்காமல் விடுவதால் வரும் நன்மை மட்டுமே கணக்கில் சேரும். அதுவும் மின்சாரம் தூய்மையானதாக இருந்தால்.

நீங்கள் படித்த செய்தியின் மூல ஆய்வுக் கட்டுரை கிடைத்தால் நான்கு இடங்களைப் பாருங்கள்: ஆர்கான் சோதனையின் முடிவு, ஐசோடோப்பு ஆதாரம், நைட்ரேட்டின் செறிவு, மின்கலம் தொடர்ந்து ஓடிய மணிநேரம். கடைசி எண் பெரும்பாலும் சில பத்து மணிநேரங்களாக இருக்கும். குளோரின்-காரம் தயாரிக்கும் ஆலைகளின் மின்கலங்கள் ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம் குறையத் தொடங்கினால், அதுவும் உண்மையான கழிவுநீரில் குறையத் தொடங்கினால், உங்கள் கேள்விக்கு என் பதிலை நான் மாற்றி எழுதுவேன். அதுவரை ஆலைகளை மூட வேண்டாம்.